ராஜாஜி சாலை பழைய வங்கிக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற சுண்ணாம்பு வேலை மேஸ்திரி,
ராயபுரம், சென்னை.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்,
எழும்பூர், சென்னை.

பொருள்: ராஜாஜி சாலை பாரத ஸ்டேட் வங்கிக் கட்டடம் உள்ளிட்ட பழைய கட்டடங்களின் பராமரிப்பு டெண்டரில் சுண்ணாம்புக் காரையைக் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடற்கரை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிர்ப்பக்கம் தெரிகிற செங்கல் சிவப்புக் கட்டடத்தைப் பற்றியது இந்த மனு. 1843-ல் தொடங்கிய பாங்க் ஆஃப் மெட்ராஸ், 1897-ல் கட்டி முடித்தது அது. கர்னல் சாமுவேல் ஜேக்கப் போட்ட வரைபடத்தை ஹென்றி இர்வின் மாற்றி அமைத்தார். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றம் எழுப்பியதும் அவர்தான். வங்கி 1921-ல் இம்பீரியல் பாங்க் ஆனது, 1955-ல் பாரத ஸ்டேட் வங்கி ஆனது. பெயர்ப்பலகை மாறியதே தவிர, சுவர் அதேதான்.

2014 ஜூலையில் அங்கே தீப்பிடித்தபோது மேல்தளம் கடுமையாகச் சேதமானது. தீ எல்லோர் கண்ணிலும் பட்டது. நான் சொல்ல வந்தது கண்ணில் படாத சேதத்தை.

அந்தக் காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். சிமெண்ட் விடாது. எதிரே துறைமுகம், உப்புக் காற்று வேறு. சில வருடங்களுக்கு முன் அந்த வட்டாரத்தில் ஒரு பழைய கட்டடத்துக்கு (எது என்பது இங்கே வேண்டாம்) வேலைக்குப் போனேன். சிமெண்ட் பூச்சு பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. கரண்டிக் காம்பால் தட்டினேன், டொக்கென்று சத்தம். பெயர்த்துப் பார்த்தால் உள்ளே உப்புப் பூத்த ஈரச் செங்கல். கட்டைவிரலால் அழுத்தியதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. பூச்சு கெட்டி, சுவர் போச்சு. வெளியே தெரியும் செங்கல்லுக்கு இடையில் சிமெண்டால் பாயிண்டிங் செய்தாலும், அதாவது இடுக்கை அடைத்தாலும், கதை இதுதான்: இடுக்கு நிற்கும், கல் கரையும்.

ஆகவே ஐயா, இதுபோன்ற கட்டடங்களில் பூச்சுக்கும் பாயிண்டிங்குக்கும் சிமெண்ட் கூடாது என்று டெண்டரிலேயே எழுத ஆவன செய்ய வேண்டும். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைக்க நாள் பிடிக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைக் காரையில் சேர்ப்பதும் அவசர வேலை இல்லை. அந்த நாட்களையும் கணக்கில் சேர்த்தே கெடு வையுங்கள். இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்ட் மூட்டையைப் பிரித்துவிடுவார். அவரைக் குறை சொல்லியும் பயன் இல்லை. அப்புறம், முழு வேலை தொடங்குமுன் சுவரில் ஒரு ஓரமாக மாதிரி பூசி, ஒரு மழைக்காலம் தாங்குகிறதா என்று தங்கள் குழுமத்தின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு பார்க்க வேண்டும்.

அந்த மாதிரியைப் பூசிக் காட்ட நான் தயார். கூலி வேண்டாம், சாரம் மட்டும் கட்டிக் கொடுத்தால் போதும். முழங்கால் முன்போல் இல்லை.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)