அந்தச் சாவியைக் கொடுத்துவிடுங்கள்

எங்கள் மைதானத்தின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மகளிர் தின விழாவை நன்றாகவே நடத்தினீர்கள். மேடை அகலத்துக்கு ஒரு பேனர். அதில் 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் எடை தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரி, போர் விமானம் ஓட்டும் அவனி சதுர்வேதி, பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவந்த பக்கத்துப் புதுச்சேரி ரூபா அழகிரிசாமி. அன்றைக்குப் பெண்கள் கழிப்பறையும் திறந்திருந்தது. கழுவி, பினாயில் ஊற்றி, வாளி நிறையத் தண்ணீர். சிறப்பு விருந்தினர் கார் ஏறியதும் பூட்டிவிட்டார்கள். இன்று வரை பூட்டுதான்.

மனு கொடுத்த கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். அதனால் நேராகக் கேட்கிறேன்: அந்தக் கழிப்பறையைத் தினமும் மாலையில் திறந்து வையுங்கள்.

கால்பந்து ஆடும் எங்கள் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. பள்ளி விட்டதும் நேராக மைதானம், ஏழு மணி வரை ஓட்டம். கடலூர் புழுக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும், தொடமாட்டார்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளிடம் "தண்ணி குடிம்மா" என்கிறார் பயிற்சியாளர். அவள் வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பிவிட்டு எழுந்து ஓடுகிறாள். மாதவிலக்கு நாட்களில் பலர் வருவதே இல்லை. அப்புறம், "பொண்ணுங்க ஒழுங்கா பயிற்சிக்கு வர்றதில்ல" என்று பேச்சு வேறு. பையன்களுக்கு மதில் சுவர் இருக்கிறது.

இதே கடலூரிலிருந்து போன இந்துமதி கதிரேசன் இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடினார், காவல்துறையில் உதவி ஆய்வாளரும் ஆனார். அவர் பெயரைச் சொல்லாமல் உங்கள் ஆட்கள் மைக்கை விடுவதில்லை. சரி, சொல்லுங்கள். அடுத்த ஒருத்தி வரவேண்டுமானால் கழிப்பறையைத் திறங்கள்.

பெண்களையும் ராணுவத்தில் சேருங்கள் என்று பிரியா ஜிங்கன் தரைப்படைத் தளபதிக்கே கடிதம் எழுதினார். பதில் வந்தது. 1992-இல் சென்னை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்ந்த முதல் 25 பெண்களில் அவரும் ஒருவர். நாங்கள் கேட்பது தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு. அதற்கு "மேலிடத்தில் கேட்கணும்" என்கிறீர்கள். தளபதிக்கும் மேலே ஏதோ இடம் இருக்கிறது போல.

ரூபாவும் கோழிக்கோட்டுக்காரரான தில்னாவும் 2024 அக்டோபரில் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கோவாவை விட்டுக் கிளம்பினார்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் கேப் ஹார்ன் முனையையும் சுற்றிக்கொண்டு 2025 மே மாதம் கரை சேர்ந்துவிட்டார்கள். எங்கள் மனு மட்டும் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

பேச்சு எங்கேயோ போகிறது. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உள்ளே அடுக்கி வைத்திருக்கும் விழா நாற்காலிகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள். குழாயில் தண்ணீர் வரட்டும், மூடி போட்ட குப்பைக்கூடை ஒன்று வேண்டும். துப்புரவுக்கு ஆள் இல்லையென்றால் பெற்றோர் நாங்களே முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். சாவி பயிற்சியாளரிடம் இருக்கட்டும். மாலை ஐந்து முதல் ஏழரை வரை திறந்திருந்தால் போதும். தயவுசெய்து செய்துகொடுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டக்காரி ஒருத்தியின் அம்மா,
கடலூர்