வில்லியம் பி. வில்சனின் கதையை 1913இல் முடித்துவிடாதீர்கள்

தமிழில் உலகத் தொழிலாளர் இயக்க வரலாற்றை எழுதிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் முதல் தொழிலாளர் துறைச் செயலாளரான வில்லியம் பி. வில்சனைப் பற்றி எழுதும்போது, அவர் பதவியேற்ற நாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல். (செயலாளர் என்றதும் நம் கோட்டையில் கோப்பு பார்க்கும் அதிகாரி நினைவுக்கு வரக்கூடும், அங்கே அது அமைச்சர் பதவி.)

1862இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1870இல் பென்சில்வேனியாவில் குடியேறிய குடும்பத்தில் வளர்ந்து, ஒன்பது வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய சிறுவன், பின்னாளில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர்-பொருளாளராகி, நாடாளுமன்றக் கீழவைக்கும் சென்று, ஐம்பது வயதில் அமைச்சரவையில் அமர்ந்தது எவரையும் கவரும் கதைதான். ஆனால் 1913 மார்ச் 4 அன்று, பதவி முடியும் நாளில், குடியரசுத் தலைவர் டாஃப்ட் அரைமனதோடு கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான அத்துறைக்குள், தொழிலாளர் புள்ளிவிவரமும் குழந்தைகள் நலமும் மட்டுமன்றிக் குடியேற்றப் பிரிவும் இருந்தது. அயல்நாட்டிலிருந்து வந்த தொழிலாளியின் நலனைக் காக்க வேண்டியவரே அவரை நாடுகடத்தும் பொறுப்பையும் சுமந்தார்.

1917 ஜூலை 12 அன்று, அரிசோனாவின் பிஸ்பியில் செப்புச் சுரங்க வேலைநிறுத்தக்காரர்களும் அவர்களுக்கு ஆதரவானவர்களுமாக ஏறத்தாழ 1,200 பேரை, ஆயுதமேந்திய கூட்டமொன்று கால்நடைகளை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து, நியூ மெக்சிகோவின் பாலைநிலத்தில் கொண்டுபோய் விட்டது. வில்சன் தலைமையிலான குழு அச்செயலைச் சட்டவிரோதமென்று கண்டித்தது, தண்டிக்கப்பட்டவர் ஒருவருமில்லை.

இதைவிடக் கடினமான பக்கம் 1920ஆம் ஆண்டினுடையது. ஜனவரி 2 இரவு, நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் பால்மரின் ஆட்கள், தீவிர இடதுசாரிகள் என்ற சந்தேகத்தின் பேரில் பல நகரங்களில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றபோது, அதற்கான பிடியாணைகளை வழங்கியது வில்சனின் துறையே. அதே மாதத்தில், கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராயிருப்பதே அயல்நாட்டவரை நாடுகடத்தப் போதிய காரணம் என்று வில்சன் முடிவு கூறினார். மார்ச்சில் அவருக்குப் பதிலாகப் பொறுப்பு வகித்த உதவிச் செயலாளர் லூயி போஸ்ட், கோப்புகளைத் தாமே படித்துப் பார்த்து, போதிய சான்றில்லாத பிடியாணைகளை ஆயிரத்துக்கும் மேல் ரத்து செய்தார். சினங்கொண்ட கீழவை உறுப்பினர்கள் அவரைப் பதவியிலிருந்து அகற்றவே முயன்றார்கள். மே மாதத்தில், கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வேறான கம்யூனிஸ்ட் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர்களுக்கு அவ்விதி பொருந்தாதென்று வில்சனும் அறிவித்தார். முன்னும் பின்னுமான இவ்விரு முடிவுகளை நான் கோழைத்தனமென்று சொல்லமாட்டேன். ஆனால் சுரங்கத்திலிருந்து வந்தவர் என்ற பெருமையால் அவற்றை மூடிவிடவும் முடியாது.

ஆகவே, வில்சனைப் பற்றி நீங்கள் அடுத்து எழுதும்போது, 1921 மார்ச் வரை நீண்ட அவரது எட்டாண்டுப் பதவிக்காலத்துக்கு உரிய பக்கங்களைத் தாருங்கள். அவற்றில் போஸ்டின் பெயரும் இடம்பெறட்டும்.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்