பெயர்ப்பலகையில் இருக்கக் கூடாத வரிகள்

அன்புள்ள செந்தில் தம்பிக்கு,

கம்பெனிக்கு வக்கீல் தேடும் நீங்கள், ஒரு வக்கீலைப் பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பைப் படித்தேன். முன்னாள் அரசு வழக்கறிஞர், வழக்கறிஞர் சங்க முன்னாள் தலைவர், நோட்டரி, சட்ட உதவிச் சேவை, சீனியர் அட்வகேட் என்று பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. இதில் உங்கள் பனியன் தொழிலுக்கு ஆகிற வரி எது என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் ஒரு வேடிக்கை. வக்கீல் விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிக்கக் கூடாது என்கிறது, வக்கீல் தொழிலை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி. பெயர்ப்பலகையிலும் லெட்டர்பேடிலும் சங்கத்தில் வகித்த பதவியைப் போடக் கூடாது. இன்ன துறையில் நிபுணர் என்றும் போடக் கூடாது. நீதிபதியாகவோ, அட்வகேட் ஜெனரலாகவோ (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) இருந்திருந்தால் அதைக்கூடப் போட முடியாது. 2008 திருத்தத்துக்குப் பிறகு இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், பதிவுத் தேதி, படிப்பு, என்ன மாதிரி வழக்குகள் பார்க்கிறார் என்பது போன்ற விவரங்களை மட்டும் தரலாம். இணையதளங்கள் வழியாக வழக்குப் பிடிப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஆகவே அந்தக் குறிப்பை அவரே பரப்புகிறாரா, வேண்டியவர் யாராவது எழுதியதா என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்து, குறிப்பில் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: பார் கவுன்சில் பதிவு எண். அதிலுள்ள ஆண்டே அனுபவத்தைச் சொல்லிவிடும். நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் அதே பெயரில் ஊரே வந்து நிற்கும். இனிஷியலும் இடத்துக்கு இடம் மாறும். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். விபத்து இழப்பீடும் ஜீவனாம்சமுமே வரிசை கட்டினால் வணிக வழக்கில் கை பழகவில்லை என்று ஓரளவு தெரியும். ஓரளவுதான். ஒப்பந்தம் எழுதுவதும் ஆலோசனை சொல்வதும் அங்கே ஏறாது.

அரசு வழக்கறிஞராக இருந்தார் என்றால் எந்தக் கோர்ட்டில், எந்தத் துறைக்கு, எத்தனை வருடம் என்று கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் வணிகவரித் துறைக்காக நின்றவர் என்றால் உங்களுக்குப் பொன்னானவர். ஜிஎஸ்டி உத்தரவைத் துறை எப்படித் தாங்கிப் பிடிக்கும், எங்கே சறுக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. நில எடுப்பு வழக்கு மட்டும் பார்த்தவரால் உங்களுக்குப் பெரிதாக ஆகப்போவதில்லை. பதவிக்காலம் குறைவு என்பதைக் குறையாக எடுக்காதீர்கள், ஆட்சி மாறினால் அந்த நாற்காலிகளும் மாறும். ஆனால் ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்காக நின்றவர் அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு வர முடியாது. உங்களுக்கு வந்த வரி நோட்டீஸை அவர் துறைப் பக்கமிருந்து பார்த்திருக்கிறாரா என்பதை, உங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

'சீனியர்' என்று எல்லோரையும் கூப்பிடுகிறோம். சட்டப்படி சீனியர் அட்வகேட் என்பது நீதிமன்றம் தரும் தகுதி. அவர் வக்காலத்துப் போட முடியாது, கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கும் வாங்க முடியாது. உங்களிடம் வக்காலத்து நீட்டுகிறவர் அந்தப் பொருளில் சீனியர் இல்லை. நோட்டரி என்பதும் குறிப்பிட்ட ஆண்டுகள் தொழில் செய்தபின் அரசு தரும் நியமனம்தான். வணிகச் சட்டத் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பலரும் தாண்டிப் போகும் சட்ட உதவி வரியைத்தான் நான் உயர்வாக மதிப்பேன். வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் உட்கார்ந்து பழகியவருக்குச் சமரசம் எழுதத் தெரியும். அங்கே ஆன தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் ஒவ்வொரு வாசகத்தையும் யோசித்து எழுதிப் பழகியிருப்பார்.

கடைசியில், சரக்கு வாங்கியவர் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி விஷயத்தையே அவரிடம் சொல்லிப் பாருங்கள். "உடனே கேஸ் போட்டுடலாம்" என்றால் கவனம். 3 லட்சத்துக்குக் குறையாத வணிகத் தகராறில் அவசர இடைக்கால உத்தரவு கேட்காத பட்சத்தில் முதலில் சமரச மையத்துக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும். விவரம் தெரிந்தவர், சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு (சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருந்ததா, பணம் தரும் கெடு எழுத்தில் உண்டா என்றுதான் ஆரம்பிப்பார். சிறு, குறு நிறுவனத்துக்குத் தரவேண்டிய பணத்தை எழுதிக்கொண்ட கெடுவுக்குள், அதிகபட்சம் 45 நாளில், தர வேண்டும். எழுத்தில் கெடு இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி.

வசூலாகும் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள், அதற்கும் விதியில் தடை உண்டு. போகும்போது ஆர்டர் காப்பி, இன்வாய்ஸ், கையெழுத்து வாங்கிய டெலிவரி சலான், லெட்ஜர் நான்கையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். சலானில் கையெழுத்து இல்லாத பில்களைத் தனியாக வையுங்கள். அவற்றைப் பற்றித்தான் அவர் அதிகம் கேட்பார்.

அன்புடன்,
அண்ணன்