கார்பெரேட்டரை கழட்டி எறியறதுக்கு முன்னாடி பெட்ரோலை பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

வில்லிவாக்கத்துல 31 வருஷமா கார் ஷெட் வச்சிருக்கேன். பழைய கார் வச்சிருக்கவங்க எல்லாம் காத்தையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புற கார்பெரேட்டரை தூக்கிப் போட்டுட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலை பீச்சுற இன்ஜெக்ஷனுக்கு மாத்திடுங்கன்னு போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார், யூடியூப்லயும் இப்ப இதேதான் பேச்சு. அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போனாலும் தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க.

இன்ஜெக்ஷன் நல்ல சாமான், அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. 2000 வாக்குல மாருதி 800 பின்னாடி எம்பிஎஃப்ஐன்னு, அதாவது இன்ஜெக்ஷன் வண்டின்னு, எழுதிட்டு வர ஆரம்பிச்சப்ப எங்க தெரு மெக்கானிக் எல்லாருக்குமே பயமாத்தான் இருந்துச்சு, ஆனா வேலை பாக்க பாக்க தெரிஞ்சுகிட்டோம். ஐப்பசி மழைல காலைல சோக்கு இழுக்காம ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும். கத்திரி வெயில்ல ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்ல நிக்கிற கார்பெரேட்டர் அம்பாசடர் திடீர்னு ஆஃப் ஆயிடும், டிரைவர் எறங்கி பானட்டை தூக்கி பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி சுத்துவார், அந்தக் காலத்து ஆளுங்க எல்லாரும் பாத்திருப்பீங்க, எஞ்சின் சூட்டுல பெட்ரோல் லைன்லயே ஆவியாயி அடைச்சுக்கும். இன்ஜெக்ஷன்ல பம்ப்பு டேங்குக்குள்ளயே இருந்து 3 பார் கிட்ட, அதாவது சாதாரண காத்தழுத்தத்துல மூணு மடங்கு, பிரஷர்ல தள்ளுறதால அந்த தொல்லை கிட்டத்தட்ட கெடையாது. புகையும் கம்மி. பொல்யூஷன் செக்ல பழைய கார்பெரேட்டர் வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரைக்கும் விடுறாங்க, பிஎஸ்2ங்கற புகை விதிக்கு செஞ்ச வண்டிக்கு 0.5 தான், வித்தியாசம் அதுலயே தெரியுது.

ஆனா இப்ப என் ஷெட்டுக்கு வர்ற பழைய வண்டிங்க படுற பாட்டுக்கு காரணம் கார்பெரேட்டர் இல்லைங்க, பெட்ரோல். இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

கார்பெரேட்டர்ல காத்து ஒரு குறுகலான இடத்துல வேகமா போகும், அந்த இழுப்புல ஜெட்டுன்னு ஒரு சின்ன பித்தளை ஓட்டை வழியா பெட்ரோல் ஏறி காத்தோட கலக்கும், அவ்வளவுதான் வேலை. அந்த ஓட்டை எவ்வளவு பெருசு இருக்கணும்னு கம்பெனிக்காரன் அன்னைக்கு இருந்த பெட்ரோலுக்கு கணக்கு பண்ணி வச்சான், 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இப்ப பங்க்ல வர்ற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு கணக்கு போட்டா சுமார் 13.5 வருது. அதாவது அதே காத்துக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல் ஊத்தணும், ஆனா ஓட்டை பழைய ஓட்டைதானே, அதுக்கு எப்படி தெரியும்? சைலன்சர் பைப்ல ஆக்சிஜன் சென்சார் இருக்கிற இன்ஜெக்ஷன் வண்டின்னா புகையை மோந்து பாத்து கம்ப்யூட்டர் தானாவே கூட ஊத்திக்கும், கார்பெரேட்டருக்கு அந்த மூக்கு இல்ல. அதனால வண்டி பிக்கப் இல்லாம திணறுது, ஆக்சிலேட்டர் மிதிச்சா தும்முது, சூடாகுது. பிளக்கை கழட்டி பாத்தா காப்பித்தூள் கலர்ல இருக்க வேண்டியது வெள்ள வெளேர்னு இருக்கும்.

ரப்பர் சமாச்சாரம் இன்னும் மோசம். பழைய ஹோஸு, டயாஃப்ரம்ங்கற சவ்வு, பெட்ரோலை திறந்து மூடுற நீடில் வால்வு முனை இதெல்லாம் எத்தனாலுக்குன்னு செஞ்சதில்ல, ஊறி உப்பிப்போகுது, இல்லன்னா காஞ்சு வெடிக்குது. எத்தனால் தண்ணியையும் இழுக்கும், நம்ம ஊரு ஈரக்காத்துல ரெண்டு மூணு மாசம் ஓட்டாம நிறுத்தி வச்ச வண்டில தண்ணியும் எத்தனாலும் தனியா பிரிஞ்சு டேங்கு அடில போய் உக்காந்துடும், டேங்கு துருப்பிடிக்கும், கார்பெரேட்டர்ல பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் சேம்பர்ல வெள்ளையா பூத்துப்போய் இருக்கும்.

மூணு மாசம் முன்னாடி கொளத்தூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, அப்பா இறந்துட்டாரு, அவரோட 96 மாடல் மாருதி 800, விக்க மனசு வரல. வேற ஒரு இடத்துல இன்ஜெக்ஷன் செட்டு மாட்டித் தர்றோம் 65 ஆயிரம் ஆகும்னு சொல்லியிருக்காங்க, நகையை அடகு வைக்கலாமான்னு யோசிச்சுகிட்டு இருந்துச்சு. நான் கார்பெரேட்டரை பிரிச்சேன், ஆக்சிலேட்டர் பம்ப் டயாஃப்ரம் அப்பளம் மாதிரி வெறைச்சு கெடக்கு. ரிப்பேர் கிட் போட்டு, ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குற ரகமா மாத்தி, மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெருசா போட்டு, டேங்கு கழுவி ஐடிலிங் செட் பண்ணி கொடுத்தேன். கூலியோட சேத்து அஞ்சாயிரம் கூட ஆகல. இப்ப வரைக்கும் ஓடுது.

மாத்திடுங்கன்னு சுலபமா சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். பழைய பம்ப்பு 0.3 பாருக்குள்ளதான் பிரஷர் கொடுக்கும், அதுக்குன்னு இருக்கிற ஹோஸ்ல 3 பார் ஏத்தினா என்னாகும்? சூடான மேனிஃபோல்டு மேல பெட்ரோல் பீச்சி அடிச்சா வண்டியே எரிஞ்சு போயிடும் ஐயா. பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைல கழட்டின இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் வாங்கிட்டு வந்து டேங்கு, லைன், வயரிங் எதையும் தொடாம மாட்டினா அது கன்வெர்ஷனே இல்ல. சட்டத்துக்கும் பதில் சொல்லணும், ஆர்சில இருக்கிறதுக்கு மாறா கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு சொல்லுது, எஃப்சிக்கு, அதாவது வண்டி தகுதிச் சான்றுக்கு, போய் நிக்கும்போது யாரு பொறுப்பு?

எத்தனாலே வேண்டாம்னு நான் சொல்லல. கரும்பு, மக்காச்சோளம் போடுற விவசாயிக்கு காசு போகுது, சந்தோஷம். ஆனா 2030-க்குன்னு வச்சிருந்த 20 சதவீத இலக்கை 2025-க்கு இழுத்துட்டு வந்தாங்களே, 20 சதவீதத்துக்குன்னு செய்யாத, 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்கின வண்டிங்க என்ன பண்ணும்னு கேட்டா சில பழைய வண்டில 20, 30 ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்புறம் ரப்பர் பார்ட்ஸ் மாத்த வேண்டி வரலாம், சுலபமான வேலைதான்னு பெட்ரோலிய அமைச்சகமே சொல்லிடுச்சு. கார்பெரேட்டர் வண்டிக்கு ஜெட்டும் மாத்தணுமே, அதை மாத்தத் தெரிஞ்ச ஆளு எங்க? 2020-ல பிஎஸ்6 புகை விதி வந்ததும் பைக்கும் இன்ஜெக்ஷன் ஆயிடுச்சு, இப்ப வேலைக்கு வர்ற பசங்க வண்டி கம்ப்யூட்டரை படிக்கிற ஸ்கேனர்தான் புடிக்கிறாங்க, அது அவங்க தப்பில்ல, காத்து-பெட்ரோல் கலவையை சரி பண்ற மிக்சர் ஸ்க்ரூ திருப்பி காதால கேட்டு ட்யூன் பண்ண யாரும் சொல்லித் தரல.

எத்தனால் இல்லாத பெட்ரோலும் கிடைக்கணும்னு போட்ட வழக்கை சுப்ரீம் கோர்ட் 2025 செப்டம்பர்ல தள்ளுபடி பண்ணிடுச்சு. சரி, கோர்ட்டு சொன்னது சொன்னதுதான். ஆனா ஒவ்வொரு பங்க்லயும் இந்த பம்ப்புல எத்தனை சதவீதம் எத்தனால்னு தமிழ்ல பெருசா எழுதி வைக்கவும், சென்னைக்குள்ள பத்து பங்க்லயாவது 10 சதவீதம் கலந்ததை ஒரு நாஸில்ல கொடுக்கவும் எண்ணெய் கம்பெனிங்க மனசு வச்சா முடியும். நீங்க இதை அவங்ககிட்ட கேட்டு எழுதணும். உங்க நிருபர் யாராவது வந்தா, இந்த ஒரு வருஷத்துல கழட்டின டயாஃப்ரம், நீடில் வால்வு எல்லாம் தேதி, வண்டி மாடல் எழுதி ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருக்கேன், எடுத்துக் காட்டுறேன்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை