கால்நடை வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்களின் கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது; ஐப்பசியில் மட்டும் மழையால் கூட முடியவில்லை. கோமாரித் தடுப்பூசி முகாம் இரண்டு முறை நடந்தது. வரவு செலவை எனக்குப் பின் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரம் முழுவதையும் நீங்கள் பேச வந்திருக்கும் விஷயத்துக்கே, சிறுத்தையும் புலியும் நம் கால்நடைகளை அடிப்பதற்கே, எடுத்துக்கொள்கிறேன்.

நம் தாளவாடி மலைப்பகுதியின் அமைப்பை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இந்த அறிக்கையின் நகல் அதிகாரிகளுக்கும் போகும் என்பதால் எழுதி வைக்கிறேன். 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தில், பந்திப்பூரும் பிலிகிரி ரங்கசாமி கோயில் காப்பகமும். நடுவில் நம்முடைய மக்காச்சோளமும் முட்டைக்கோசும் கரும்பும் மாட்டுக் கொட்டகைகளும். புலிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கியதற்காக 2022இல் நம் காப்பகத்துக்குப் பன்னாட்டு விருது கிடைத்தது. "விருது அவர்களுக்கு, விருந்து நம் செலவில்" என்று அன்று ஒரு உறுப்பினர் சொன்னது இன்றுவரை டீக்கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, சிறுத்தை, புலி பற்றி வரும் தகவல்கள் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வருகிறேன். மொத்தம் எத்தனை என்று இங்கே வேண்டுமென்றே வாசிக்கவில்லை. ஒரே சிறுத்தையை ஏழு பேர் ஏழு தோட்டத்தில் பார்த்தால் மறுநாள் செய்தியில் அது ஏழு சிறுத்தையாகிவிடுகிறது. பதிவேடு என் வீட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அதில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் "பார்த்தேன்" வகை. பார்த்தவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் பைக் விளக்கு வெளிச்சத்தில், கரும்புக்காட்டு ஓரத்தில், அரை நொடியில் பார்த்ததை மறுநாள் காலை நிதானமாகக் கேட்டால் வாலின் நீளம் குறைந்துகொண்டே வருகிறது. ஒன்று கழுதைப்புலி, வன ஊழியர்கள் வைத்த தானியங்கி கேமராவிலேயே அது பதிவாகிவிட்டது. ஒன்று நம் பஞ்சாயத்துத் தெருவின் செவலை நாய். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடும் அளவுக்குப் பரவிய ஒரு வீடியோவில் பின்னணியில் பேசுகிறவர்கள் மராத்தி பேசுகிறார்கள். தமிழும் கன்னடமும் பேசுகிற ஊரில் அதை ஒருவரும் கவனிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பினோம். நானும் அனுப்பினேன்.

இப்படி எழுதுவது சிலருக்குக் கோபம் தருகிறது. "செயலாளர் யார் பக்கம்?" என்று கேட்கிறார்கள். இல்லாத சிறுத்தைக்கு நான்கு முறை ஓடிவந்த வனக்காவலர், உண்மையாகவே வந்த ஐந்தாவது சிறுத்தைக்கு மதியம்தான் வந்தார். அந்தத் தாமதத்தில் தடம் அழிந்தது, அந்த வீட்டுக்காரருக்கு இழப்பீடும் கிடைக்காமல் போனது. நான் அந்த வீட்டுக்காரர் பக்கம்.

மார்கழியில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் பட்டிக்குள் இரண்டு வெள்ளாடுகள் கழுத்தில் பல் பதிந்து கிடந்தன. ஒரு கிடாவைக் காணவில்லை. நான் போவதற்குள் ஊரே கூடிவிட்டது. பட்டியைச் சுற்றிச் செருப்புத் தடம் தவிர வேறு தடம் இல்லை. இனி எதைக் காட்டுவது என்று நான் தலையில் கை வைத்தபோது, அந்த வீட்டுச் சிறுமி, ஐந்தாம் வகுப்பு, என் சட்டையை இழுத்து, "மாமா, ஒண்ணு மட்டும் மூடி வெச்சிருக்கேன்" என்றாள். வாய்க்கால் ஓரம் ஒரு அன்னக்கூடை கவிழ்த்து வைக்கப்பட்டு, மேலே ஒரு கல்லும் இருந்தது. தூக்கினால், ஈர மண்ணில் அச்சு எடுத்ததுபோல ஒரே ஒரு கால் தடம். நகக்குறி இல்லை. நாய், கழுதைப்புலி என்றால் நகம் பதியும். பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அவளுடைய பள்ளி ஸ்கேலையே பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம்: ஏழரை சென்டிமீட்டர். வளர்ந்த புலி என்றால் பெரும்பாலும் 12க்கு மேல் போகும். ஆகவே சிறுத்தை. கால்நடை மருத்துவரின் சான்றிதழ், அந்தப் படம், வங்கிப் புத்தக நகல் எல்லாம் சேர்ந்து போனதால் இழப்பீட்டில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

அதே மாதம் இன்னொரு வீட்டில், பாவம் என்று கன்றை உடனே புதைத்துவிட்டார்கள். மருத்துவர் வந்து எதைப் பார்ப்பார்? எத்தனை முறை சொன்னாலும் இது நடக்கிறது. இறந்த கால்நடையை நகர்த்தாதீர்கள், புதைக்காதீர்கள், கூட்டத்தைச் சேர்க்காதீர்கள். எந்தப் பக்கம் தின்றிருக்கிறது என்பதும் சாட்சி: புலி பெரும்பாலும் பின்தொடையில் தொடங்கும், சிறுத்தை வயிறு, நெஞ்சுப் பக்கம். செந்நாய்க் கூட்டம் என்றால் சில நிமிடங்களில் பார்க்க எதுவும் மிஞ்சாது.

ஒரு மாடு வயிறு உப்பி இறந்தது. அதன் கழுத்தில் பின்னர் ஏற்பட்ட காயத்தைக் காட்டி, சிறுத்தை அடித்தது என்று சங்கத்தின் கடிதம் கேட்டார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த உறுப்பினர் இன்று கூட்டத்துக்கு வரவில்லை. அவருடைய நஷ்டம் உண்மையான நஷ்டம்தான், அதற்கு மாட்டுக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஒரு பொய்க் கடிதம் பிடிபட்டால் நாம் எழுதும் நூறு மெய்க் கடிதங்களையும் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

பிறரைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட முடியாது. பங்குனியில் என் சொந்தக் கன்று போயிற்று. முன்பக்கம் இரும்புக் கதவு, பூட்டு எல்லாம் போட்டிருந்தேன். பின்பக்கச் சுவர் ஓலைத் தட்டி. அதற்கும் கம்பி வலை அடிக்கிறேன் என்று தீபாவளிக்கு வாங்கிய சுருள், பிரிக்காமலே திண்ணையில் கிடந்தது. அது இப்போது அடிக்கப்பட்டுவிட்டது. பதிவேட்டைப் புரட்டினால் இரவில் நடந்த தாக்குதல்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான்: தட்டி, திறந்த கூரை, அல்லது வாசலில் கட்டிப்போட்ட ஆடு.

கூண்டு பற்றி. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பின்னும் முதல் கோரிக்கை அதுதான். சிறுத்தையும் புலியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அவற்றைப் பிடிக்க மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். நம் பகுதி ரேஞ்சரைச் சுற்றி நின்று கத்துவதால் அது வராது. அனுமதி கிடைத்தாலும், பிடித்ததை எங்கே விடுவது? மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் 2000களின் தொடக்கத்தில் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். விட்ட இடங்களுக்கு அருகே மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியது என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. மனிதரைத் தாக்கினால் கூண்டு கேட்போம், கேட்டே தீருவோம். கூடலூர், மசினகுடிப் பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 புலியை 2021 அக்டோபரில் மூன்று வாரம் தேடி, மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். ஆடு போனதற்கெல்லாம் அப்படி ஒரு படை வராது என்பதை நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்து சொல்லப்போவதைச் சங்கத்தின் எச்சரிக்கையாகவே பதிவு செய்கிறேன். 2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு அருகே இரண்டு புலிகள் இறந்து கிடந்தன. மாட்டை இழந்த ஒருவர் அதன் உடலில் விஷம் வைத்தார் என்று கைது நடந்தது. குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. நம் ஊரிலும் கோபத்தில் அந்தப் பேச்சு எழுந்தது எனக்குத் தெரியும். யார் பேசினார்கள் என்பதும் தெரியும். விஷம் வைத்த இறைச்சியை முதலில் தின்னப்போவது நம் தெரு நாய்கள்.

நாய்களைப் பற்றியும் ஒன்று. மகாராஷ்டிராவின் அகோலேயில் விளைநிலத்துச் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவற்றின் இரையில் எடை அளவில் சுமார் 39 விழுக்காடு நாய்தான் என்று கண்டார்கள். கோழிக் கழிவைக் கடைக்குப் பின்னால் கொட்டுகிறோம், அதற்கு நாய் சேர்கிறது, நாய்க்குச் சிறுத்தை வருகிறது. சிறுத்தை பதுங்கும் கைவிட்ட கல்குவாரிகளின் புதர்களை வெட்டக் கோரியும் கழிவை அகற்றக் கோரியும் இரண்டு மனுக்கள் கொடுத்தோம். ஒன்றுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் வந்தது.

மேய்ச்சல் பிரச்சினை தீரவில்லை. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதம் அதை வனவிலங்கு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. சுருக்கியும் நமக்குப் பயனில்லை, நாம் இருப்பதே காப்பகத்தின் மடியில். காட்டுக்குள் இறந்த மாட்டுக்கு இழப்பீடு கேட்கப் போனால் முதலில் நாமே குற்றவாளி. மேய்ச்சல் நிலம் இல்லாத மாட்டை எங்கே கட்டுவது என்ற கேள்வியை நிர்வாகக் குழு மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மீண்டும் எழுப்பும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு கேட்பது: சந்தாவிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி, வசதியற்ற உறுப்பினர்களின் பட்டிகளுக்குக் கம்பி வலை வாங்கித் தர அனுமதி. தீர்மானம் அடுத்து வாசிக்கப்படும்.

இரவிலும் போன் எடுத்த கால்நடை மருத்துவருக்கும், வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், தேநீர்ச் செலவை ஏற்ற தலைவருக்கும் நன்றி. மார்கழிச் சம்பவத்தின்போது தடத்தை மூடியிருந்த அன்னக்கூடை இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. உரியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்ளவும்.

இங்ஙனம்,
செயலாளர்