169-ஆவது எண்ணில் இடறும் பட்டியல்: நிரல் பராமரிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சரக்குப் பட்டியல் திரையில் ஓர் உருப்படியைச் சுட்டியால் இழுத்துக் கீழே கொண்டுபோகும்போது ‘ரன்-டைம் எரர் 6: ஓவர்ஃப்ளோ’ (மாறியின் கொள்ளளவை எண் மீறிவிட்டது) என்று நிரல் நின்றுபோகும் குறையை, சென்ற வெளியீட்டில் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ (பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ) என்ற ஒரே வரியைச் சேர்த்துத் தீர்த்துவிட்டதாக அறிவித்தீர்கள். அந்த வரியை நீக்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

நம் நிரல் எழுதப்பட்ட விஷுவல் பேசிக் 6 மொழியில், முழு எண்ணைத் தாங்கும் மாறி வகையான இன்டிஜர் 16 பிட் அளவே உடையது. 32,767-க்கு மேல் அதில் அடங்காது. நம் பட்டியலில் ஒரு வரிசையின் உயரம் 13 பிக்சல், அதாவது அம்மொழியின் திரை அளவு அலகில் 195 ட்விப். உருப்படியை விடவேண்டிய இடத்தைக் கணக்கிட, வரிசை எண்ணை இந்த உயரத்தால் பெருக்குகிறோம். எண் 168 என்றால் விடை 32,760, மயிரிழையில் தப்பிவிடுகிறது. 169 என்றால் 32,955. விடையை வாங்கும் மாறியை, இன்னும் பெரிய எண்களைத் தாங்கும் வகையான லாங் என்றுதானே அறிவித்திருக்கிறோம் என்று நானும் அரைநாள் குழம்பினேன். ஆனால் இரண்டு இன்டிஜர்களைப் பெருக்கும்போது விடையும் இன்டிஜராகவே கணக்கிடப்படுவதால், அது லாங் மாறியைச் சென்றடையும் முன்பே பிழை எழுந்துவிடுகிறது.

சுட்டியின் கிடைநிலையை இன்டிஜரில் வாங்கும் வரியிலும் இதே கோளாறு உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, சுட்டி பட்டியலின் விளிம்பைத் தாண்டினாலும் அதன் நிலை வந்துகொண்டே இருக்கும். பிக்சலுக்கு 15 ட்விப் என்ற கணக்கில் 1920 பிக்சல் திரையில் அது 28,800-ஐத் தாண்டாது. 2560 பிக்சல் திரையில் 38,400 வரை போகும். உங்கள் மேசையில் வராத பிழை, புதிய திரை வாங்கிய பிரிவுகளில் மட்டும் வந்ததன் காரணம் இதுவே.

இப்போது பிழைச்செய்தி வருவதில்லை என்பது உண்மைதான். பிழையான வரி தாண்டப்படுவதால் இடத்தைக் குறிக்கும் மாறியில் தொடக்க மதிப்பான 0 அப்படியே நிற்க, 169-இல் விடப்பட்ட சரக்கு பட்டியலின் உச்சியில் போய் அமர்கிறது. அந்தத் தவறான வரிசைமுறையிலேயே அனுப்பாணையும் அச்சாகிறது. முன்பு நிரல் நின்றது, நாங்கள் திட்டிக்கொண்டே மீண்டும் திறந்தோம். இப்போது தவறு நடந்ததே எவருக்கும் தெரிவதில்லை.

கிடைநிலையை வாங்கும் மாறியை லாங் என மாற்றி, பெருக்கலுக்கு முன் வரிசை எண்ணுக்கு, அதை லாங் ஆக்கும் ‘சிலாங்’ (CLng) இட்டால் போதும். மாற்றியபின் 200 உருப்படிகள் கொண்ட பட்டியலில், 2560 பிக்சல் திரையில், ஒருமுறை கடைசி வரிசைவரை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கிடங்குப் பிரிவின் நிரலர் ஒருவர்