லெனர்ட் கோஹன்: கடைசியிலிருந்து முதலுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் லெனர்ட் கோஹனின் வாழ்நாளில் வெளிவந்த கடைசி ஆல்பமான 'யூ வான்ட் இட் டார்க்கர்' (2016) பற்றி அறிமுகம் செய்திருந்தீர்கள். இந்தக் கனடியக் கவிஞர்-பாடகரைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக வருவது அபூர்வம். மனமார்ந்த நன்றி. அதில் ஒரு திருத்தம் உண்டு. திருத்தத்தைவிடப் பெரிதாக ஒரு மறுப்பும் உண்டு.

திருத்தம் முதலில். அவருடைய முதல் ஆல்பத்தின் ஆண்டு 2007 என்று அச்சாகியிருக்கிறது. அது வெளிவந்தது 1967 டிசம்பரில். 2007இல் வந்தது மறுபதிப்பு. பாட்டுக் கேட்கும் செயலிகள் பல நேரம் மறுபதிப்பின் ஆண்டையே காட்டும்; அதை நம்பினால் வரிசையே தலைகீழாகிவிடும். முதல் மூன்று ஆல்பங்களுமே 2007இல் கூடுதல் பாடல்களோடு திரும்ப வந்தவை. முதல் ஆல்பத்தில் மூலப் பாடல்கள் 10, மறுபதிப்பில் 12. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் 8 பாட்டு 9 ஆனது.

எண்ணிக்கையில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். முதல் ஆல்பத்தின் பத்தாவது பாட்டான 'ஒன் ஆஃப் அஸ் கெனாட் பி ராங்' முடியும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். வரிகள் தீர்ந்த பிறகு சீட்டியடிப்பு ஒன்று வரும். அதன்மேல் சுருதி விட்டு, தொண்டை கிழிய, சொல்லே இல்லாத ஒரு கத்தல். நாற்பது நிமிடம் அடக்கமாகப் பாடிய மனிதர் அங்கேதான் உடைகிறார். ஆல்பம் அதோடு நிற்க வேண்டும். மறுபதிப்பில் அடுத்த நொடியே பதினோராவது பாட்டு தொடங்கிவிடுவதால் அந்த உடைவு காதில் தங்காமலே போய்விடுகிறது. பத்தாவது பாட்டோடு கையால் நிறுத்திவிடுங்கள்.

இனி மறுப்பு. கடைசி ஆல்பம் பிடித்துப்போனவர்கள் அடுத்து ஒரு 'பெஸ்ட் ஆஃப்' தொகுப்பைக் கேட்டால் போதும் என்று கட்டுரை சொல்கிறது. கோஹன் விஷயத்தில் இதைவிடத் தவறான வழி இல்லை. 1975இல் வந்த 'பெஸ்ட் ஆஃப்' முதல் நான்கு ஆல்பங்களிலிருந்து மட்டுமே எடுத்தது. அதற்குப் பிறகு அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாடினார். பின்னால் வந்த பெரிய தொகுப்புகளோ பல காலங்களின் பாட்டுகளை ஒன்றாக அடுக்குகின்றன. முதல் ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 33, கடைசி ஆல்பம் வந்தபோது 82. இடையில் அவர் குரல் பாதாளத்துக்கு இறங்கியது. 2016இன் குரலில் பழகிய காதுக்கு 1967இன் மெல்லிய மூக்குக்குரலைச் சட்டென்று கொடுத்தால், 'இது வேறு யாரோ' என்று பாதிப் பாட்டில் மாற்றிவிடுவார்கள். பலரும் அவரைக் கைவிடுவது அந்த இடத்தில்தான். கடைசி ஆல்பத்திலிருந்து பின்னோக்கிப் படிப்படியாக இறங்கினால் அப்படி நடக்காது.

முதல் படி 2001, 'டென் நியூ சாங்ஸ்'. கலிபோர்னியாவில் ஒரு ஜென் மடத்தில் ஐந்தாண்டு இருந்துவிட்டு வந்தபின் செய்தது. மெட்டு, கீபோர்டு, உடன் பாடும் குரல் எல்லாவற்றிலும் ஷாரன் ராபின்சனின் கை உண்டு. கீபோர்டு ஓசை மொட்டையாக, மலிவாகத் தோன்றும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், குரல் ஏறக்குறைய கடைசிக் காலக் குரலே என்பதால் காது தடுமாறாது. அடுத்து 1988, 'ஐ அம் யுவர் மேன்'. குரல் முதன்முதலாகத் தரைக்கு இறங்கியது இதில்தான். எட்டே பாட்டு, பெரும்பாலும் சின்தசைசர். இதில் வரும் வால்ஸ் பாட்டு ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் கவிதையிலிருந்து எழுதியது. தம் மகளுக்கே லோர்கா என்று பெயர் வைத்த மனிதர் இவர்.

அதற்கு முந்தையது 1984, 'வேரியஸ் பொசிஷன்ஸ்'. இதில் ஒரு குழி இருக்கிறது. இதில் உள்ள 'ஹல்லேலூயா' என்ற புகழ்பெற்ற பாட்டு மூலமாக வருகிறவர்கள் தேடுவது, பாடகர் ஜெஃப் பக்லி 1994இல் ஒற்றை கிடாரோடு பாடிய வடிவத்தை. கோஹனின் மூலப் பதிவில் இருப்பதோ சின்தசைசரும் கோரஸும். போதாக்குறைக்கு வரிகளும் வேறு. கோஹன் அந்தப் பாட்டுக்குப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். ஜான் கேல் என்ற பாடகர் அவற்றிலிருந்து தமக்கு வேண்டியதைப் பொறுக்கி 1991இல் பாடினார். பக்லி பின்பற்றியது அந்த வடிவத்தை. இது தெரியாமல் கேட்டால் மூலமே போலி மாதிரி இருக்கும். ஆகவே இந்த ஆல்பத்தைக் கடைசிப் பாட்டான 'இஃப் இட் பி யுவர் வில்'லில் தொடங்குங்கள். ஜெனிஃபர் வார்ன்ஸின் குரல் பக்கத்தில் நிற்க, கோஹன் பிரார்த்திப்பதுபோல் பாடுவார். இந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அவருடைய சொந்தக் கம்பெனியே மறுத்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

1979இன் 'ரீசன்ட் சாங்ஸ்' பற்றி யாரும் பேசுவதில்லை. என் கணிப்பில் நம் காதுக்கு மிக நெருக்கமானது அதுதான். ஊத் என்னும் மேற்காசியத் தந்தி வாத்தியமும் வயலினும் குரலைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. கமகத்தில் ஊறிய காது அங்கே உடனே உட்கார்ந்துவிடும். 1977இன் 'டெத் ஆஃப் எ லேடீஸ் மேன்' ஆல்பத்தை மட்டும் இப்போதைக்குத் தாண்டுங்கள். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் கோஹனைக் கூட வைத்துக்கொள்ளாமலே ஒலிக்கலவையை முடித்தார். வாத்தியக் கூட்டத்தில் குரல் மூழ்கிக் கிடக்கிறது.

இனி ஆரம்ப மூன்று. 1971, 1969, 1967 என்று அதே வரிசையில் இறங்குங்கள். 1971இன் முதல் பாட்டு 'அவலாஞ்ச்'சில் கிடார் விரல்கள் நிற்காமல் உருளும். அந்த உருட்டல்தான் இளம் கோஹனின் கையெழுத்து. ஸ்பானிய இளைஞர் ஒருவரிடம் அவர் கற்றது மூன்றே பாடம், கிடாரில் ஆறு சுரக்கூட்டுகள் (chords). தம் பாடல்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் அஸ்திவாரம் என்று 2011இல் ஸ்பெயினில் விருது வாங்கிய மேடையில் அவரே சொன்னார். 1969இன் ஆல்பத்தில் ஒரு ட்வொய்ங் ஓசை கேட்டு, பதிவில் கோளாறோ என்று நினைக்க வேண்டாம். அது நம் மோர்சிங்கின் மேல்நாட்டு உறவுக்கார வாத்தியம். 1967இன் முதல் ஆல்பத்தில் தயாரிப்பாளர் ஜான் சைமன் சேர்த்த வயலின்களும் பெண்குரல்களும் கோஹனுக்கு முழுதாக ஒப்பவில்லை. பாட்டுக்கும் இசைச் சேர்க்கைக்கும் பிரியம் இருந்தும் குலப்பகை குறுக்கே நின்றதால் கல்யாணம் கூடவில்லை என்ற பொருளில் அவரே பாடல் தாளில் குறிப்பு எழுதினார். வயலின் வரும்போது அதற்கு அடியில் கிடாரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் அவர் மனத்தில் இருந்த பாட்டு தெரியும்.

கேட்கும் முறை பற்றி. ஷஃபிளை அணையுங்கள், பாட்டு முடிந்ததும் தானாக வேறு பாட்டு ஓடும் வசதியையும் அணையுங்கள். அடி ஓசையைக் கூட்டிக் காட்டும் 'பாஸ் பூஸ்ட்' கூடவே கூடாது. கடைசிக் காலக் குரலின் அடிநாதம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் போகும். பாஸ் கிடாரும் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் சொற்கள் குழம்பாகிவிடும். போனின் சொந்த ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது, வெறும் காற்றுச்சத்தம்தான் வரும். கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்பதும் வீண். அலை அந்தக் குரலை விழுங்கிவிடும்.

கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு நடைக்கு ஓர் ஆல்பம் சரியாக இருக்கும். பெரும்பாலானவை 35 முதல் 45 நிமிடம். ஆனால் பஸ் எஞ்சினின் உறுமலும் அதே அடி ஓசைதான். காதை அடைத்து உட்காரும் ரப்பர் முனை இயர்போன் இல்லாவிட்டால் பஸ்ஸில் பழைய மூன்று ஆல்பங்களைக் கேளுங்கள். அந்தக் குரல் எஞ்சினுக்கு மேலே நிற்கும். பிந்தைய ஆல்பங்களை ராத்திரி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது கேட்க வேண்டும்: முதலில் சும்மா, அடுத்து வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி வரிகள் இல்லாமல்.

உங்கள் கட்டுரை தொடாத ஒன்று, புதுச்சேரி வாசகர்களுக்கென்றே இருப்பது. கோஹன் மான்ட்ரியல்காரர், பிரெஞ்சின் நடுவே வளர்ந்தவர். 1979 ஆல்பத்தில் நாடு கடத்தப்பட்ட கனடியனைப் பற்றிய 1842ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் பாட்டு ஒன்றை, மெக்சிகோ வாத்தியக் குழுவோடு பாடியிருக்கிறார். அதைவிட முக்கியமானது 1969இன் 'தி பார்ட்டிசன்'. இது அவர் எழுதியதல்ல. 1943இல் லண்டனில் பிறந்த பிரெஞ்சு எதிர்ப்பியக்கப் பாட்டு. இசை அன்னா மார்லி, வரிகள் எம்மானுவேல் தாஸ்தியே. கோஹன் முதலில் ஆங்கிலத்தில் பாடுகிறார். எல்லை தாண்டி வந்தவர்கள் 'அவர்கள்' மட்டுமே. யார் என்று கடைசிவரை சொல்வதில்லை. பிறகு பெண்குரல்கள் சேர, பாட்டு பிரெஞ்சுக்கு மாறுகிறது. அங்கே அந்த 'அவர்கள்' ஜெர்மானியர்கள் என்று பெயர் சொல்லி வருகிறார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு அது எந்தக் காலத்துக்கும் பொருந்தும் போர்ப்பாட்டு; பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு நாளும் இடமும் உள்ள பாட்டு. ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த சுதந்திர பிரான்ஸின் பக்கம் 1940 செப்டம்பரிலேயே சேர்ந்துகொண்ட ஊர் நம் புதுச்சேரி. வீட்டில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தாத்தாவோ ஆயாவோ இருந்தால், அந்தப் பிரெஞ்சுப் பகுதியை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, வரிவரியாகப் பொருள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் ஆண்டுத் திருத்தத்தை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால் 'தி பார்ட்டிசன்' பாட்டின் இரண்டு மொழிகளையும் அறிந்த ஒருவரைக் கொண்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.